மருந்தடித்த காட்டுத் தொய்யக்கீரை

வேளாண்மைத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேச என்னைக் கூப்பிட்டபோது, என் வேலைக்காலத்தில் செய்த நல்ல காரியம் ஏதாவது ஒன்றைச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியும் சில உண்டு. ஆனால் அவை நான் இல்லாவிட்டாலும் நடந்திருக்கும். நான் இருந்ததால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

தொய்யக்கீரை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ. கரிசல் மண்ணில் மழை விழுந்த சில நாட்களில், யாரும் விதைக்காமலே முளைத்துவிடும். சிவப்போடிய தண்டு, நீளக் காம்பு, நுனியில் வெளிறிய ரோஜா நிறத்தில் மெல்லிய பூங்கதிர். பருத்திக்கு நடுவிலும் வரும், மிளகாய்க்கு நடுவிலும் வரும். நாம் படித்த பாடத்தில் அது களை. ராஜபாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் களையெடுக்கப் போகும் பெண்களுக்கு அது அன்றைய குழம்பு. கொழுந்தாகக் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டு போய், பருப்போடு வேகவைத்துக் கடைவார்கள். என் அம்மாவும் கடைந்திருக்கிறாள். நானும் அதைத் தின்று வளர்ந்தவன்தான். அதனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தேவதானம் போகும் வழியில் சில ஊர்கள் என் பொறுப்பில் இருந்தன. எந்த நாள் எந்த ஊர் என்று முன்கூட்டியே எழுதியிருக்கும், சைக்கிளில் போவேன். அந்த ஊர்களில் ஒன்றில் சீனிவாசன் என்று ஒரு விவசாயி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், நாற்பது வயது இருக்கும். அந்தக் கார்த்திகையில் அவருடைய மானாவாரிப் பருத்தியில் காய்ப்புழு ஏறிவிட்டது. மழை விட்டுவிட்டுப் பெய்ததால் மருந்தடிக்க நாள் கிடைக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வானம் வெளுத்தது. நான் பருத்திக்காட்டைச் சுற்றி வந்து, இன்றைக்கே அடித்துவிடுங்கள் என்று சொல்லி, மருந்தின் பெயரையும் அளவையும் நாங்கள் வந்துபோவதைக் குறிக்க அவர் வைத்திருந்த பார்வைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மருந்து சரியான மருந்து, அளவும் சரியான அளவு. இன்றைக்கும் அதில் ஒரு பிழையும் சொல்ல முடியாது.

மேற்குப் பாதியில் பெண்கள் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். கிழக்குப் பாதியில் ஆட்கள் மருந்தடித்தார்கள். காற்று பெண்கள் பக்கம் அடிக்காமல் பார்த்துக்கொண்டேன். அதுவரைக்கும் எனக்குப் புத்தி வேலை செய்தது. உச்சிவேளையில் பெண்கள் வேலை முடிந்து கரையேறினார்கள். ஊருக்குப் போகிற வண்டிப்பாதை கிழக்குப் பக்கம். அவர்களில் பேச்சியம்மாள் என்று ஒருத்தி, முப்பது வயதுக்காரி, பாதையோரத்து வரிசைகளில் குனிந்து குனிந்து தொய்யக்கீரை கிள்ளி மடியில் போட்டாள். மருந்து காய்ந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. மழைக்குப் பிறகு தளதளவென்று இருந்த கீரை.

நான் அதைப் பார்த்தேன். வரப்பில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். சீனிவாசனிடம், உங்களுக்குக் கூலியில்லாமல் களையெடுத்துக் கொடுக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிறகு சைக்கிளில் ஏறிப் போய்விட்டேன்.

உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். கீரை என்றும் தெரியும், மருந்து என்றும் தெரியும், இரண்டும் ஒரே வரிசையில் நிற்பதும் தெரிகிறது. பின்னே ஏன் வாயைத் திறக்கவில்லை? பருத்தி யாரும் சாப்பிடுகிற பயிர் இல்லை. தக்காளிக்கும் கத்தரிக்கும் மருந்தடித்தால், பறிக்க இத்தனை நாள் பொறுங்கள் என்று சொல்லப் பழகியிருந்தேன். பருத்தியில் சொல்ல வேண்டிய அவசியமே வந்ததில்லை. நான் பயிரை மட்டும் பார்த்தேன். அந்தக் காட்டில் இருந்து யார் யார் என்னென்ன எடுத்துப் போகிறார்கள் என்று பார்க்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானாகவும் பார்க்கவில்லை.

மூன்றரை மணிக்குச் சீனிவாசன் மோட்டார் சைக்கிளில் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது. பேச்சியம்மாளும் அவளுடைய ஒன்பது வயது மகள் கோமதியும் வாந்தியெடுத்து விழுந்துவிட்டார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள் என்றார். வண்டியில் போகும்போது ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார்.

"மருந்துன்னு வாயத் தொறந்துறாதீக சார். கேசாயிரும். நீங்க எழுதிக் குடுத்துத்தான நான் அடிச்சேன். புத்தகத்துல ஒங்க கையெழுத்துல்ல இருக்கு."

அவர் என்னை மிரட்டவில்லை. பயத்தில் பேசினார். ஆனால் கடைசியாகச் சொன்னது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆஸ்பத்திரி அன்றைக்கு நிரம்பி வழிந்தது. மழைக்காலத்து வாந்திபேதி; தரையிலும் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். பேச்சியம்மாளுக்கும் பிள்ளைக்கும் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பணியில் இருந்தது ஒரு பெண் மருத்துவர். பேச்சியம்மாளின் கணவர் சுப்பையா, பஞ்சு அரைக்கும் மில்லில் பொதி தூக்குகிறவர், சுவரோரமாகக் குத்த வைத்திருந்தார். மருத்துவர் அவரிடம் மூன்று தடவை கேட்டார், வீட்டில் பூச்சிமருந்துப் பாட்டில் ஏதாவது இருக்கிறதா என்று. அவர் மூன்று தடவையும் இல்லை என்றார். அது உண்மை. கூட வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, கீரைச்சட்டியில் பல்லி விழுந்திருக்கும், இவள் பார்க்காமல் கடைந்திருப்பாள் என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும், ஆமாம், பல்லிதான் என்றார்கள்.

நான் வராந்தாவில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். மருத்துவருக்கு ஒரே ஒரு சொல் தேவைப்பட்டது. அது என் வாயில் இருந்தது. என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்று நினைத்தேன். கீரையைக் கழுவியிருப்பார்கள், வேகவைத்திருப்பார்கள், ஒருவேளை வாந்திபேதியாகவே இருக்கும் என்று நினைத்தேன். நல்லதுக்குத்தானே சொன்னோம், நம்மைப் பிடித்து உள்ளே வைப்பார்களா என்றும் நினைத்தேன். இந்த நேரத்தில் மனது எத்தனை காரணம் சொல்லும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொன்றும் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது.

பிறகு அந்தப் பிள்ளை என் பக்கம் தலையைத் திருப்பியது. வாயோரம் நுரையாக எச்சில் வழிந்துகொண்டிருந்தது. கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. பயிற்சியில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள், மருந்தடிக்கிறவருக்கு இப்படி ஆனால் உடனே என்ன செய்ய வேண்டும் என்று. நான் ஓடிப்போய் மருத்துவரின் காதோரம் சொன்னேன். மருந்தின் பெயர், காலையில் அடித்தது, கீரை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. நர்சிடம் ஊசியின் பெயரைச் சொல்லிக்கொண்டே ஓடினார். இரண்டு பேருக்கும் அடுத்தடுத்து ஊசி ஏறியது. கொஞ்ச நேரத்தில் பேச்சியம்மாளின் மூச்சு சீராயிற்று. பிள்ளைக்குச் சீராகவில்லை. மதுரைக்குக் கொண்டு போகச் சொல்லி வேன் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே வேன் திரும்பிவிட்டது. சுப்பையா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார், தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரி. இன்னும் பொழுது அடையவில்லை.

மருத்துவர் கைகழுவும் இடத்தில் என்னைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை.

"மூணே முக்காலுக்கே உங்களை அந்தத் தூண் பக்கத்துல பாத்தேன். யாரையோ தேடி வந்தவர்னு நினைச்சேன். நீங்க எங்கிட்ட வந்தப்ப மணி நாலு இருபது."

அதைப் பற்றி அவ்வளவுதான் சொன்னார். அந்த முப்பத்தைந்து நிமிடத்தில் பிள்ளை பிழைத்திருக்குமா என்று நான் கேட்கவில்லை. பதில் சொல்லிவிடுவாரோ என்ற பயம். பிறகு, நீங்கள் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், மருந்து எப்படி வயிற்றுக்குள் போனது என்பதற்கு வேறு சாட்சியே இல்லை என்றார். நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்றேன்.

நான் கொண்டு போகவில்லை. மறுநாள் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. அவர் ஆள் அனுப்பினார். வெளியூர் போயிருப்பதாகச் சொல்லச் சொன்னேன். விசாரிக்க வந்தவர்களிடம் ஊர் முழுவதும் பல்லி என்றது. மருந்து என்று பேச்சு வந்தால், பேச்சியம்மாள்தான் பிள்ளைக்குக் கொடுத்துத் தானும் குடித்தாள் என்று ஆகிவிடுமோ என்று அவளுடைய சொந்தக்காரர்களுக்கும் பயம். பல்லி எல்லோருக்கும் வசதியாக இருந்தது. எனக்கும் இருந்தது. அவளைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு தாளில் நாலு வரி எழுதியிருந்தால் சட்டியைப் பார்க்காதவள் என்ற பழியும் சரி, மருந்து கொடுத்தவள் என்ற பழியும் சரி, அவள்மேல் விழ வழியிருந்திருக்காது. அடுத்த தை மாதம் எனக்கு மாற்றல் வந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட்டேன்.

அங்கே வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். மருந்து எழுதிக் கொடுப்பதற்கு முன்னால், இந்த வயலில் கீரை பறிக்கிறவர்கள் யார், புல் அறுக்கிறவர்கள் யார், ஆடு யாருடையது என்று கேட்பது பழக்கமாகிவிட்டது. அடித்த வயலைச் சுற்றி அடையாளத்துக்குப் பனையோலை கட்டச் சொல்வேன். களையெடுக்கும் பெண்களிடம் நேராகப் போய், இன்றைக்கு இங்கே கிள்ளாதீர்கள் என்று சொல்வேன். விவசாயிகள் சிரித்தார்கள். ஒரு மேலதிகாரி, உமக்குப் பயிரைவிடக் களைமேல்தான் அக்கறை என்றார். நீங்களும் கேளுங்கள். உங்களைப் பார்த்தும் யாராவது சிரிக்கட்டும்.

ஆனால் அதைச் செய்ததால் மற்றதெல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன் பாருங்கள், அதுதான் என் அடுத்த தவறு.

தொண்ணூறுகளில் என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாற்றினார்கள். ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, அந்த ஊருக்குப் பக்கத்திலேயே திருவண்ணாமலை என்று சொல்லும் குன்றில் இருக்கிற பெருமாளைப் பார்க்கப் போயிருந்தேன். கூட்டத்தில் படியேற முடியாமல் ஓரமாக நின்றபோது, நரைக்கத் தொடங்கிய ஒரு பெண் என்னையே உற்றுப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து, நீங்கள் எங்கள் ஊர்ப் பருத்திக்காட்டுக்குச் சைக்கிளில் வந்த சார்தானே என்று கேட்டாள். பேச்சியம்மாள். அவள் இரண்டு கைகளையும் கூப்பினாள்.

"ஆஸ்பத்திரி ஆயா சொன்னாக சார். நீங்க ஓடிவந்து டாக்டரம்மாட்ட என்னமோ சொல்லித்தான் எனக்கு ஊசி போட்டாகளாம். என்ன சொன்னீகன்னு அவுகளுக்குத் தெரியல. ஒரு நாளாச்சும் ஒங்களப் பாத்துக் கும்புடணும்னு இருந்தேன்."

பத்து வருடமாக அவள் எனக்கு நன்றி சொல்லக் காத்திருந்திருக்கிறாள். நான் என்ன செய்தேன்? நலமா என்று விசாரித்தேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவளாகவே சொன்னாள். மகன் ஒருவன் இருக்கிறான், அன்றைக்குச் சின்னப் பிள்ளை, கீரை என்றால் துப்பிவிடுவான், அதனால் தப்பித்தான். மாமியார், பல்லி கிடந்த சட்டியைக் கவனிக்காத கை என்று சொல்லிச் சொல்லியே செத்துப்போனார். சுப்பையா அன்றிலிருந்து அவள் கையால் ஒரு வாய் சாப்பிடவில்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை, அக்காள் வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார். இதையெல்லாம் ஏதோ அடுத்த வீட்டுக் கதையைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, கூட்டத்தோடு படியேறிப் போனாள்.

நான் சாமி பார்க்காமல் திரும்பிவிட்டேன். திங்கட்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவளுடைய ஊருக்குப் பேருந்தேறினேன்.

வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். பல்லி இல்லை. மருந்தடித்த வரிசையில் கிள்ளிய கீரை. அடிக்கச் சொன்னது நான். நீ கிள்ளும்போது பார்த்துக்கொண்டு நின்றதும் நான். ஆஸ்பத்திரியில் அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். டாக்டர் எழுதித் தரச் சொன்னபோது கொடுக்காமல் ஓடினேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மன்னிப்பு வார்த்தை எதுவும் வரவில்லை. நடந்தது மட்டும்தான் வந்தது.

அழுவாள், ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப நான் சட்டியப் பாத்துத்தான் கடஞ்சிருக்கேன்?"

ஆமாம் என்றேன்.

"எனக்குத் தெரியும் சார். பாத்துத்தான் கடஞ்சேன். ஆனா எல்லாருஞ் சொல்லச் சொல்ல, நான் பாக்கலையோன்னு எனக்கே ஆயிருச்சு." எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள். "வாங்க. அவிய முன்னால வந்து சொல்லுங்க."

சுப்பையா தெருமுனையில் அக்காள் வீட்டுக்கு வெளியே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பொதி தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கியிருந்தது. நான் எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன், ஒன்றும் குறைக்காமல். இந்தத் தடவை தெருவில் நாலைந்து பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா என்று அவர் கேட்டார். தெரியும் என்றேன். என்னை அடிக்க எழுந்திருந்தால் நான் நின்றிருப்பேன். அவர் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு இன்னொன்று கேட்டார்.

"கூடத் தின்னா, மருந்து கூட ஏறுமா சார்?"

எதற்குக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். அன்றைக்கு மில்லில் அரை நாள் வேலை. வீட்டுக்கு வந்தபோது பேச்சியம்மாள் குழாயடிக்குத் தண்ணீருக்குப் போயிருந்தாள். பிள்ளைதான் சோறு போட்டது. போட்டுவிட்டு அவருடைய தட்டில் இருந்த கீரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவ்வளவையும் அதன் தட்டுக்குத் தள்ளிவிட்டு, அவர் மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பல்லி என்று நினைத்த காலத்திலும், அந்தப் பங்கை நான் தின்றிருந்தால் என்ற எண்ணம் அவரை விடவில்லை. அவள் பரிமாறுகிற தட்டின் முன்னால் உட்கார்ந்தாலே பிள்ளை எதிரே உட்கார்ந்து பார்ப்பது போல இருக்கும் என்றார்.

என் முன்னால் அந்தக் கேள்வி நின்றது. உண்மையைச் சொல்லத்தான் அங்கே போயிருந்தேன். இனிமேல் எதையும் மறைப்பதில்லை என்று பேருந்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தவன். அவர் கேட்டதற்குப் பதில் எனக்கு நன்றாகவே தெரியும்.

"அப்படியெல்லாம் இல்லைங்க. சின்ன உடம்பு. ஒரு வாய் தின்னிருந்தாலும் அதுதான் ஆகியிருக்கும்" என்றேன்.

அது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். பேச வேண்டிய இடத்தில் பேசாமல் நின்றவன், அன்றைக்கு ஒரு பொய் சொன்னேன். அதற்காக மட்டும் நான் இதுவரை வருத்தப்பட்டதில்லை. இதைப் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்குத் துணிவு இல்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

பேச்சியம்மாள் அவ்வளவு நேரமும் வேலிப்படலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கணவர் சொன்னது அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். பிள்ளை இன்னொரு கரண்டி கீரை கேட்டதாகவும், அப்பாவுக்கு வேண்டும் என்று சொல்லித் தான் அதட்டியதாகவும், அரை வயிற்றோடு போய்விட்டதே என்றுதான் இத்தனை வருடமும் தனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை என்றும் மெதுவாகச் சொன்னாள். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப எம்பிள்ள வயிறு நெறயத்தான் போயிருக்காளா?"

அவர் தலையை ஆட்டினார். அவள் அழ ஆரம்பித்தாள். நான் அங்கே நிற்கக் கூடாது என்று தோன்றியது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பேருந்து நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.